வீடு மகளுக்கு, வயல் மட்டும் அண்ணனுக்கா?

இலங்கையின் கிழக்கில் நீங்கள் எடுத்த நேர்காணல்களில் வீடு மகளுக்கும் வயல் மகனுக்கும் போகிறதே, தரவு பிழையோ என்று கேட்டீர்கள். உங்கள் தரவு பிழையில்லை. தாய்வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுப்பது மட்டக்களப்பு வழக்கம். நீங்கள் நேர்காணல் செய்த அம்பாறைக் குடியேற்ற வயல் அநேகமாகப் பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். பின்னுரித்தாளர், அதாவது அடுத்து காணியைப் பெறுபவர், பெயர் குறிக்காவிட்டால் யாருக்கு என்பதை அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொல்லும். அதில் 2022 வரை மகனுக்குப் பிறகுதான் மகள்.

அடுத்தமுறை "காணி யாருடையது?" என்று கேட்காதீர்கள். அலுமாரிக்குள் இருக்கும் கடதாசியைக் காட்டச் சொல்லுங்கள்: உறுதியா (சொந்த உரிமைப் பத்திரம்), பெர்மிட்டா, பின்னுரித்தாளராக யார் பெயர்? சமூகவியல் பிள்ளைகள் இங்கேதான் சறுக்குவது, நானும் சறுக்கினேன்.

ஒன்று, 2022 திருத்தம் அந்த ஆண் முன்னுரிமையை எடுத்துவிட்டது. அதற்கு முந்திய மரணங்களைத் தனியாகப் பிரியுங்கள். தேசவழமை என்ற வழக்குச் சட்டத்தை இதற்குள் இழுக்காதீர்கள், அது யாழ்ப்பாணத்தாருக்கு.