போலந்துக் கொடியில் வெள்ளை ஏன் மேலே, சிவப்பு ஏன் கீழே?

வெள்ளை அமைதிக்கு, சிவப்பு தியாகத்துக்கு என்று பலரும் சொல்வார்கள். அது பிற்காலத்தில் ஒட்டவைத்த பொருள். நிறங்கள் வந்தது அரச சின்னத்திலிருந்து: போலந்துக்குச் சிவப்புக் கேடயத்தில் வெள்ளைக் கழுகு, அதனுடன் இணைந்திருந்த லித்துவேனியாவுக்குச் சிவப்புப் பின்னணியில் வெள்ளைக் குதிரைவீரன். ஐரோப்பியச் சின்ன மரபில் உருவத்தின் நிறம் மேலே வரும், பின்னணியின் நிறம் கீழே போகும். வெள்ளை மேலே இருப்பதற்கு அவ்வளவுதான் காரணம்.

1830 நவம்பரில் ரஷ்ய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தபோது, சிலர் வெள்ளைப் பட்டைச் சின்னம் அணிந்தார்கள். சிலர் பிரெஞ்சுப் புரட்சியை நினைவூட்டும் மூவண்ணத்தை அணிந்தார்கள். குழப்பம்தான். 1831 பிப்ரவரி 7 அன்று நாடாளுமன்றம் தலையிட்டு, வெள்ளையும் சிவப்புமே தேசிய நிறங்கள் என்று தீர்மானித்தது. கிளர்ச்சி அதே ஆண்டில் நசுக்கப்பட்டது. நிறங்கள் மட்டும் நிலைத்தன.

1918இல் விடுதலை பெற்ற போலந்து, 1919 ஆகஸ்ட் 1 அன்று இதைச் சட்டபூர்வக் கொடியாக்கியது. 1927இல் சிவப்பின் சாயல் மாறியது. இந்தோனேசியா, மொனாக்கோ கொடிகளில் சிவப்பு மேலே. அவற்றுக்கும் போலந்துக்கும் உறவு எதுவுமில்லை.