கூடைப்பந்தை விட்டுக் கோல்ஃப் பக்கம் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். கோவையில் கல்லூரியில் படித்தபோது கூடைப்பந்து ஆடினேன். ஃப்ரீ த்ரோ வீசுவதில் எனக்குப் பெயர் உண்டு. பிறகு பல ஆண்டுகளாக விடியற்காலையில் எழுந்து அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ. ஆட்டங்களைப் பார்த்து வந்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனும் கூட உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே பள்ளி அணியில் சேர்ந்தான். 2025 சித்திரை முதல் நாள் அதிகாலையில் தற்செயலாக மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் கடைசிச் சுற்றைப் பார்த்தேன். அன்றிலிருந்து என்.பி.ஏ.வில் மனம் ஒட்டவில்லை. ‘பனியன் கம்பெனிக்காரருக்குக் கோல்ஃப் எதுக்குங்க?’ என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். மகனோ முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இது வயதின் கோளாறா, வெறும் பவுசா? நானும் ஆடிப் பார்க்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: அன்று நீங்கள் பார்த்தது எந்த விளையாட்டின் ரசிகரையும் இழுத்து உட்கார வைத்திருக்கும். 2014க்குப் பிறகு கோல்ஃபின் நான்கு பெரும்போட்டிகளில் (மாஸ்டர்ஸ் அவற்றில் ஒன்று) எதையும் வெல்லாமல் தவித்த ரோரி மெக்கில்ராய், பதினெட்டாம் குழியில் ஐந்தடித் தூரத்திலிருந்து பந்தை உள்ளே உருட்டினால் பட்டம் என்ற நிலையில் அதைத் தவறவிட்டார். பிறகு ஜஸ்டின் ரோஸுடன் கூடுதல் ஆட்டத்துக்குப் போய், அதே குழியில் வென்று, நான்கு பெரும்போட்டிகளையும் வாழ்நாளில் ஒரு முறையேனும் வென்ற ஆறாவது ஆடவரானார். இதைப் பார்த்து மனம் மாறியவரைப் பவுசுக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் கேள்விக்கான விடை, ஃப்ரீ த்ரோவைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓடுவதும் மோதுவதும் மறிப்பதுமாக நடக்கும் ஆட்டத்தில், ஒரே ஒருவர் கோட்டருகே நின்று, யாரும் தடுக்காத பந்தைத் தன் மூச்சையும் கையையும் மட்டும் நம்பி வீசும் இடம் அது ஒன்றுதான். கோல்ஃபில் பதினெட்டுக் குழிகளும் ஏறக்குறைய அப்படித்தான். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் 1990களில் ஆட்டக்காரர்களின் பார்வையை ஆராய்ந்தபோது, கோல்ஃபில் பந்தைக் குழிக்கு உருட்டுபவர்களிடமும் ஃப்ரீ த்ரோ வீசுபவர்களிடமும் ஒரே தன்மையைக் கண்டார்: தேர்ந்தவர்களின் கண், கை அசைவதற்குச் சற்று முன்பு ஒரே புள்ளியில் மற்றவர்களுடையதைவிட நீண்ட நேரம் நிலைத்து நிற்கிறது. கல்லூரி நாளில் உங்களுக்குப் பிடித்திருந்த அந்த நொடியைத்தான் இப்போது வேறொரு ஆட்டத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நீங்கள் மட்டும் மாறவில்லை, என்.பி.ஏ.வும் மாறியிருக்கிறது. வெளியே நின்று வீசிக் கூடையில் போட்டால் மூன்று புள்ளி தரும் கோடு அறிமுகமான 1979-80 பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக மூன்று முறைகூட அதற்கு வெளியிலிருந்து வீசவில்லை. 2024-25இல் அந்த எண்ணிக்கை 37ஐத் தாண்டிவிட்டது. கூடைக்கு அருகே முதுகைக் கொடுத்து இடம்பிடித்து ஆடிய பழைய அழகு அருகிவிட்டது. ஒவ்வோர் அணியும் பருவத்துக்கு 82 ஆட்டங்கள் ஆடுவதால், ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதாக உங்களுக்குத் தோன்றினால் அதிலும் வியப்பில்லை. (மூன்று புள்ளி வீச்சுக்குப் பேர்போன என்.பி.ஏ. வீரர் ஸ்டீஃபன் கறியின் ரசிகர்கள் என்மீது கோபப்படுவார்கள்; 2023இல் பிரபலங்களுக்கான கோல்ஃப் போட்டி ஒன்றை வென்றவரும் அவர்தான் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.)

நண்பர்களின் கேலியில் பாதி உண்மை இருக்கிறது. கோல்ஃப் நம் நாட்டில் செலவு மிக்க விளையாட்டுத்தான். தண்ணீருக்கு அல்லாடும் கொங்குச் சீமையில் அவ்வளவு புல்வெளியைப் பசுமையாக வைத்திருப்பது பற்றி எனக்கும் தயக்கம் உண்டு. ஆனால் 1991இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் பிறருடைய மட்டைப்பையைத் தூக்கும் வேலை பார்த்தவர். பணம் மைதானத்தின் கதவைத் திறக்கலாம். பந்தைக் குழிக்குள் கொண்டுபோகாது.

எனக்குக் கவலை தருவது உங்கள் மகன் விஷயம்தான். அவனுக்கு நீங்கள் கோல்ஃப் பார்ப்பதில் வருத்தம் இருக்காது. காலை நேரத்தில் பக்கத்து இருக்கை காலியாக இருப்பதுதான் அவனை உறுத்துகிறது. அப்பா தன் விளையாட்டை அலுத்துப்போன ஒன்றாகப் பார்க்கிறார் என்று பதினைந்து வயதுப் பையன் எண்ணிவிட்டால், அதை அவன் வாய்விட்டுச் சொல்லமாட்டான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. கோல்ஃபின் நான்கு பெரும்போட்டிகளும் தலா நான்கு நாள் வீதம் ஆண்டுக்குப் பதினாறு நாட்களில் முடிந்துவிடுகின்றன. அவற்றுள் ஜூலையில் பிரிட்டனில் நடக்கும் ஓப்பன், என்.பி.ஏ. பருவம் முடிந்தபின் வருவதோடு, நம் ஊர்க் கணக்கில் மாலையிலும் முன்னிரவிலும் ஒளிபரப்பாகிறது. ஆகவே வாரத்தில் ஒரு காலையை, ஞாயிறாக இருந்தால் நல்லது, அவனுக்குப் பிடித்த என்.பி.ஏ. அணியின் ஆட்டத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியோடு நிறுத்தாமல், கோவை வ.உ.சி. பூங்கா அரங்கில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும்போது அவனை நேரில் அழைத்துப்போங்கள். பள்ளி மைதானத்தில் அவனுக்கு ஃப்ரீ த்ரோ கற்றுக்கொடுங்கள். இன்றைய ஆட்டத்தில் உங்களுக்கு அலுப்புத் தராத பகுதியும் அதுவே. மெக்கில்ராய் தவறவிட்ட அந்த ஐந்தடியையும் அவனுக்கு ஒரு நாள் போட்டுக் காட்டலாம், ஆனால் அவன் கேட்டால் மட்டும்.

ஆடிப் பார்க்கலாமா என்றால், தாராளமாக. கோவைக்குத் தெற்கே செட்டிபாளையம் பக்கத்தில் 18 குழிகள் கொண்ட மைதானம் இருக்கிறது. திருப்பூரிலிருந்து எட்டாத தூரமில்லை. உறுப்பினர் கட்டணத்தைப் பற்றி இப்போதே யோசிக்கவேண்டாம். முதலில் பயிற்சியாளர் ஒருவரிடம் பேசி, பந்தடித்துப் பழகும் இடத்தில் சில வகுப்புகள் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பை முறுக்கி அடிக்கும் ஆட்டம் என்பதால், கூடைப்பந்துக் காலத்து இடுப்பு வலியோ முழங்கால் வலியோ மிச்சமிருந்தால் மருத்துவரை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பதினான்கு மட்டைகளையும் மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். பதினான்கு என்பது விதி அனுமதிக்கும் உச்ச வரம்புதான். தொடக்கத்தில் நடுத்தரத் தூரத்துக்கு அடிக்க ஏழாம் எண் அயர்ன் என்ற மட்டை ஒன்றும், பந்தைக் குழிக்கு உருட்டப் பட்டர் (putter) என்ற மட்டை ஒன்றும் இருந்தால் தாராளம், அவையும் இரவலாகக் கிடைக்கிறதா என்று பயிற்சியாளரிடம் கேட்டுப் பாருங்கள்.