வாசகர் கேள்வி பதில்: கேட்காமல் கிடக்கும் பணம்

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி: அப்பா தவறி ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் பீரோவை ஒழித்தபோது, தட்டில் விரித்திருந்த பழைய காலண்டர் தாளுக்கு அடியில் ஒரு டெபாசிட் ரசீது கிடைத்தது. 2009-ல் போட்ட 40,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. நாமினி அம்மா, அவரும் இப்போது இல்லை. வங்கியில் கேட்டால், "பத்து வருஷம் தாண்டிடுச்சும்மா, ரிசர்வ் வங்கிக்குப் போயிடுச்சு" என்கிறார்கள். போனது போனதுதானா?

போகவில்லை. கவுன்ட்டரில் இருந்தவர் பாதி உண்மையைச் சொல்லி உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நானும் அதே மாதிரி ஒரு நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்தவன்தான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் இப்படி ஒரு ரசீது வந்தால் பழைய லெட்ஜரைத் தேட யாருக்குக் கை வரும்?

உங்கள் அப்பாவின் டெபாசிட் 2011-ல் முதிர்ந்திருக்கிறது. அதிலிருந்து பத்து வருடம் யாரும் கேட்கவில்லை என்றால் வங்கி அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியாது, ரிசர்வ் வங்கி நடத்தும் 'வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதி'க்கு அனுப்பியாக வேண்டும். 2014-லிருந்து இதுதான் ஏற்பாடு. ஆனால் பணம் இடம் மாறியதே தவிர ஆள் மாறவில்லை, இன்றைக்கும் அது உங்கள் அப்பா பணம்தான். நீங்கள் ரிசர்வ் வங்கி வாசலுக்குப் போக வேண்டியதில்லை, அதே வங்கியில்தான் கேட்க வேண்டும். வங்கி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் அந்த நிதியிலிருந்து வாங்கிக்கொள்ளும். கேட்பதற்குக் கடைசித் தேதி என்று ஒன்று கிடையாது. நிதியில் இருக்கும் காலத்துக்கும் வட்டி உண்டு, 2021 மே முதல் 3 சதவீதம். பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனாலும் உண்டு.

நாமினியும் இல்லாததால் வாரிசுகள் எல்லோரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும். அப்பா, அம்மா இருவரின் இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, உங்கள் அடையாள அட்டை, பணத்தை ஒருவர் பெயரில் வாங்குவதாக இருந்தால் மற்றவர்களின் ஆட்சேபணை இல்லைக் கடிதம், வங்கி தரும் ஈட்டுறுதிப் படிவம் (பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டு வந்தால் நாங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பது). கோர்ட்டுக்குப் போய் வாரிசுரிமைச் சான்று வாங்கி வா என்று யாராவது சொன்னால், வாரிசுகளுக்குள் தகராறு இல்லாதவரை 15 லட்சம் ரூபாய் வரை அது தேவையில்லை (கூட்டுறவு வங்கியானால் 5 லட்சம்) என்று 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவைச் சொல்லுங்கள். எல்லாக் காகிதமும் கொடுத்த 15 நாளுக்குள் முடிக்க வேண்டும், வங்கியால் தாமதமானால் கூடுதல் வட்டி தர வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. 2026 மார்ச் 31-க்குள் எல்லா வங்கியும் இதற்கு மாற வேண்டும் என்பது அதில் வைத்த கெடு.

வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாளாகியும் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு அந்த நகலோடு புகார் அனுப்பலாம், செலவு இல்லை. ரசீதின் அசலை மட்டும் பணம் கைக்கு வரும் நாள்வரை விடாதீர்கள்.

சிவகாசியிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் தாத்தா பேங்க் ஆஃப் மதுராவில் கணக்கு வைத்திருந்ததாகப் பாட்டி சொல்வார். பாஸ்புக் இல்லை, அந்த வங்கியே இப்போது இல்லை. எங்கே தேடுவது?

பேங்க் ஆஃப் மதுரா 2001-ல் ஐசிஐசிஐ வங்கியோடு சேர்ந்தது, ஆகவே அங்கே. இதே மாதிரி லக்ஷ்மி விலாஸ் வங்கிக் கணக்கு என்றால் 2020-லிருந்து டிபிஎஸ் வங்கி, பேங்க் ஆஃப் தஞ்சாவூர் என்றால் இந்தியன் வங்கி. வங்கியின் பெயர்ப்பலகை இறங்கிவிட்டாலும் கணக்கு யாரிடமாவது இருக்கும்.

பாஸ்புக் இல்லாதவர்களுக்காகத்தான் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற இணையதளத்தைத் திறந்தது. உங்கள் மொபைல் எண்ணைப் பதிந்து உள்ளே போய், தாத்தா பெயர், வங்கி, அவருடைய பான், வாக்காளர் அட்டை, பிறந்த தேதி இப்படி ஏதாவது ஒன்றைக் கொடுத்துத் தேடலாம். எதுவும் இல்லையென்றால் முகவரியை வைத்தும் தேடலாம். இருந்தால் ஒரு எண் வரும். கிளை எது, கணக்கு எண் என்ன என்பதைக் காட்டாது, திருடன் கையில் சிக்கக் கூடாது இல்லையா, அதற்காக. அந்த எண்ணோடு வங்கிக்குப் போக வேண்டும்.

நம் ஊர்ப் பெயர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. சுப்பையா என்பதை அந்தக் காலத்து குமாஸ்தா ஆங்கிலத்தில் 'பி' இரண்டு போட்டும் எழுதியிருப்பார், ஒன்றே போட்டும் எழுதியிருப்பார், கடைசியில் 'எச்' சேர்த்தும் எழுதியிருப்பார். இனிஷியல் முன்னால் ஒரு கணக்கில், பின்னால் ஒரு கணக்கில். ஒரு எழுத்துக்கூட்டலில் 'இல்லை' என்று வந்தால் எழுந்துவிடாதீர்கள், நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். தாத்தா கையெழுத்துப் போட்ட பழைய பத்திரம் ஏதாவது இருந்தால் அதில் எப்படி எழுதினார் என்று பார்ப்பது உத்தமம்.

அப்புறம், உத்கமில் முப்பது வங்கிகள்தான் உண்டு. ஊர்க் கூட்டுறவு வங்கி என்றால் நேரில்தான் போக வேண்டும். "ரிசர்வ் வங்கியிலிருந்து பேசுகிறேன், உங்கள் தாத்தா பணம் இருக்கிறது, பத்து சதவீதம் கமிஷன்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி அப்படி யாரையும் கூப்பிடுவதில்லை.

நாமக்கல்லிலிருந்து: அம்மா கணக்கில் நாமினி நான்தான். அண்ணன் பாதி கேட்கிறார். கொடுக்க வேண்டுமா?

வேண்டும், அம்மா உயில் எழுதி உங்களுக்கு மட்டும் வைத்திருந்தாலே ஒழிய. நாமினி பணத்தை வங்கியிடமிருந்து வாங்குகிற ஆள்தான், சொந்தக்காரர் சட்டப்படியான வாரிசுகள். வங்கிக் கணக்கு விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே இதைச் சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம், பங்கையும் சதவீதமாகக் குறிக்கலாம். உங்கள் கணக்கிலாவது அதைச் செய்துவிடுங்கள்.

செங்கோட்டையிலிருந்து: புனலூருக்குப் போகும்போதெல்லாம் கேரள லாட்டரி வாங்குவேன். தமிழ்நாட்டுக்காரனுக்குப் பரிசு விழுந்தால் தருவார்களா?

தருவார்கள், டிக்கெட்டை கேரளாவுக்குள் வாங்கியிருந்தால். லாட்டரியை அனுமதிப்பதா தடுப்பதா என்பதை 1998-ன் மத்தியச் சட்டம் மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. கேரள அரசு 1967-லிருந்து தானே நடத்துகிறது, தமிழ்நாடு 2003 ஜனவரியில் தடை செய்தது. அதனால் செங்கோட்டைப் பெட்டிக்கடையில் 'அண்ணே, பம்பர் இருக்கு' என்று எடுத்துக் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள். விற்பது இங்கே குற்றம், பரிசு விழுந்தாலும் எங்கே வாங்கினாய் என்ற கேள்வி வரும்.

வாங்கியதும் டிக்கெட்டின் பின்னால் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். குலுக்கலிலிருந்து 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். வங்கியில் பத்து வருடம் கழித்தும் உங்கள் பணம் உங்கள் பணம், லாட்டரியில் ஒரு மாதம்தான் கணக்கு, பாக்கெட்டிலேயே மறந்த டிக்கெட்டின் பணம் கேரள அரசுக்குப் போய்விடும். வரி 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ். இதுவரை வாங்கித் தோற்ற டிக்கெட்டின் விலையைக் கழிக்கவும் விடமாட்டார்கள்.

திருச்சியிலிருந்து ஒரு அம்மா: மகன் ஆன்லைன் ரம்மியில் இரண்டு லட்சத்துக்கு மேல் விட்டுவிட்டான். திரும்பக் கிடைக்குமா? அவனைப் போலீஸ் பிடிக்குமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில். பிடிக்காது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றையும், திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதத்துக்கே இடம் தராமல், தடை செய்கிறது. ஆனால் தண்டனை நடத்துகிறவர்களுக்கும் விளம்பரம் செய்கிறவர்களுக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுகிறவர்களுக்கும்தான், ஆடியவர்களுக்கு இல்லை. தமிழ்நாடு 2022-லேயே ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று சொல்லிவிட்டது. உங்கள் மகன் மாதிரிப் பிள்ளைகள் அந்த இடைவெளியில்தான் விழுந்தார்கள் என்பது என் எண்ணம்.

ஆடித் தோற்ற பணத்தைத் திரும்பப் பெறுவது நடக்காத காரியம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆப்பின் வாலட்டில் ஆடாமல் கிடக்கும் தொகை வேறு, அதை உடனே கேட்டு எழுதச் சொல்லுங்கள். பணம் எடுக்க விடாமல் இழுத்தடித்தால், அல்லது 'இன்னும் பத்தாயிரம் கட்டினால் திறக்கும்' என்றால், அது மோசடி. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். பந்தயத்தில் தோற்ற பாக்கி என்று யாராவது மகனை மிரட்டினால் பயப்பட வேண்டாம், பந்தயப் பணம் கேட்டு வழக்குப் போட ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு இடம் தருவதில்லை. லோன் ஆப்பில் வாங்கியிருந்தால் அது கடன்தான், அந்தக் கணக்கைத் தனியாக உட்கார்ந்து எழுதுங்கள்.

கும்பகோணத்திலிருந்து: ஏலச்சீட்டும் சூதாட்டம்தானே?

இல்லை. 1982-ன் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்து நடத்தலாம், நடத்துகிறவர் எடுக்கும் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. தெருவில் ஒரு அக்கா நோட்டுப் புத்தகத்தில் எழுதி நடத்தும் சீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் ஊரைவிட்டுப் போனால் உங்கள் கையில் இருப்பது அந்த நோட்டின் ஜெராக்ஸ்கூட இல்லை.