ஏக்கர்ஸ் ஏன் முதலிடத்தில்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற மாதக் கட்டுரையில் அமெரிக்கப் பெண்கள் கால்பந்தைப் பற்றி எழுதும்போது, எல்லோரும் கொண்டாடும் நட்சத்திர வீராங்கனை மியா ஹாமைத் தாண்டி மிஷெல் ஏக்கர்ஸை முதலிடத்தில் வைத்திருந்தீர்கள். அதைப் படித்த பிறகு 1999 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் காணொளியைத் தேடிப் பார்த்தேன். பெனால்டி உதைகளின்போது அவர் மைதானத்திலேயே இல்லை. 1991-க்குப் பிறகு அவர் அடித்த கோல்களும் குறைந்துவிட்டன. சொந்த நாட்டில் ஒரு தொழில்முறை லீகில்கூட ஆடியதில்லை. பழைய ஆட்டக்காரர் என்ற பாசத்தில் எழுதிவிட்டீர்களோ?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொன்ன மூன்றும் உண்மை. ஆனால் அந்த மூன்றையும் வைத்துத்தான் நான் அவரை முதலிடத்தில் வைக்கிறேன்.

அந்த இறுதிப் போட்டியிலிருந்தே தொடங்குவோம். 1999 ஜூலை 10, பாசடேனா ரோஸ் பவுல், 90,185 பார்வையாளர்கள். எதிரணியான சீனா, அரையிறுதியில் நார்வேயை 5-0 என்று நொறுக்கிவிட்டு வந்திருந்தது. அந்த அணியை 90 நிமிடங்களுக்கு ஒரு கோலும் போடவிடாமல் அமெரிக்கா தடுத்தது என்றால், தற்காப்பு வரிசைக்கு முன்னால் நின்ற 10-ஆம் எண் சட்டைக்காரர் ஏக்கர்ஸுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. முழு நேரம் முடியும் தறுவாயில் ஒரு கார்னர். பந்தைக் குத்தி வெளியேற்றப் பாய்ந்த தம் அணியின் கோல்கீப்பர் பிரியானா ஸ்கரியோடு மோதி ஏக்கர்ஸ் விழுந்தார். தலையில் அடி. உடலில் ஏற்கெனவே நீர் வற்றிப்போயிருந்தது. கடைசி பெனால்டியை அடித்து அமெரிக்காவுக்குக் கோப்பையை வென்று தந்த பிராண்டி சாஸ்டெய்ன் சட்டையைக் கழற்றிச் சுழற்றிய அந்தப் புகழ்பெற்ற தருணத்தில், ஏக்கர்ஸுக்கு உள்ளே டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

காணொளி கையில் இருக்கிறதல்லவா? கூடுதல் நேரத்தில், ஆட்டத்தின் 100-ஆவது நிமிடத்துக்குப் போங்கள். சீனாவுக்குக் கார்னர். ஃபான் யுன்ஜி தலையால் முட்டிய பந்து ஸ்கரியையும் தாண்டிவிட்டது. கோல் கோட்டில் நின்ற கிறிஸ்டின் லில்லி தலையைக் கொடுத்துக் காப்பாற்றினார். கூடுதல் நேரத்தில் ஒரு கோல் விழுந்தாலே ஆட்டம் முடிந்தது என்பது அன்றைய விதி. லில்லி அந்த இடத்தில் இல்லையென்றால் கோப்பை பெய்ஜிங்குக்குப் போயிருக்கும். அதுபோன்ற பந்துகளைப் பாதி வழியிலேயே முட்டி அனுப்பிக்கொண்டிருந்தவர் அப்போது மைதானத்தில் இல்லை. அவர் இல்லாததை நீங்களும் கவனித்தீர்கள். நான் கவனித்தது இந்த இடத்தில்.

கோல்கள் குறைந்ததற்கு வருகிறேன். 1991-இல் மட்டும் 26 ஆட்டங்களில் 39 கோல்கள் அடித்தவர் அவர். சீனாவில் நடந்த முதல் உலகக் கோப்பையில் 10. அதில் சீன தைபேக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 5. குவாங்சூவில் நார்வேயுடனான இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் இரண்டு கோல்களும் அவருடையவை. அன்று பெண்கள் ஆட்டம் 80 நிமிடம்தான் (90 நிமிடம் தாங்கமாட்டார்கள் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தானோ). 78-ஆவது நிமிடத்தில் நார்வேக்காரர் தம் கோல்கீப்பருக்குத் தட்டிவிட்ட பந்து வலுவில்லாமல் போக, ஏக்கர்ஸ் இடையில் புகுந்து, கோல்கீப்பரைச் சுற்றிக்கொண்டு போய், வெறும் வலைக்குள் உதைத்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1993-இல், ஒரு போட்டியின் நடுவே சுருண்டு விழுந்தார். நாள்பட்ட சோர்வு நோய் என்று பிறகு தெரியவந்தது. முழங்காலில் பத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் வேறு. கோலடிப்பதில் உலகிலேயே முதல் ஆளாக இருந்தவர், 1996 ஒலிம்பிக்கின்போது பின்னால் இறங்கி, தற்காப்பு நடுக்களத்துக்கு வந்துவிட்டார். ஓட்டத்தை அளந்து செலவு செய்தாக வேண்டிய நிலை. அப்படியும் அரையிறுதியில் நார்வேக்கு எதிரான பெனால்டியை அவர்தான் அடித்தார். அமெரிக்கா தங்கம் வென்றது. 1991-இன் ஏக்கர்ஸைவிட இந்த ஏக்கர்ஸ்தான் எனக்குப் பெரியவர். உடல் வலு இருக்கும்போது கோலடித்தவர்கள் பலர். அது போன பிறகு ஆட்டத்தையே மாற்றிக்கொண்டு, எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டாவது உலகக் கோப்பையையும் வென்றவர்கள் எத்தனை பேர்?

மூன்றாவது, லீக். லீகே இல்லாதபோது எங்கே போய் ஆடுவது? 1985-இல் அமெரிக்கப் பெண்கள் அணி முதன்முதலாக இத்தாலிக்குப் போனபோது ஆண்களுக்குத் தைத்த பெரிய உடைகளைக் கொடுத்தார்கள். இரவோடு இரவாக வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். படி, நாளொன்றுக்கு 10 டாலர். கணுக்கால் காயத்தால் முதல் ஆட்டத்தில் உட்கார்ந்திருந்த ஏக்கர்ஸ், டென்மார்க்குடனான இரண்டாவது ஆட்டத்தில் அந்த அணியின் வரலாற்றிலேயே முதல் கோலை அடித்தார். காசு வாங்கி ஆட வேண்டுமென்றால் கடல் தாண்ட வேண்டும். அவர் ஸ்வீடனுக்குப் போய் டிரெசோ அணிக்கு ஆடினார். அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை லீக் 2001-இல்தான் தொடங்கியது. 2000-இல், சிட்னி ஒலிம்பிக்குக்குச் சற்று முன், அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த லீகுக்குச் சந்தை உண்டு என்று பணக்காரர்களை நம்பவைத்ததே 1999-இன் அந்த ரோஸ் பவுல் கூட்டம்தான்.

அதே 2000-இல் ஃபிஃபா நூற்றாண்டின் சிறந்த வீராங்கனைப் பட்டத்தை ஏக்கர்ஸுக்கும் சீனாவின் சுன் வென்னுக்கும் பகிர்ந்து கொடுத்தது. 1999 உலகக் கோப்பையில் 7 கோல் அடித்த சுன் வென் இறுதிப் போட்டியில் ஒன்றும் அடிக்கவில்லை என்பதால், என் வாக்கு யாருக்கு என்று உங்களுக்கே தெரியும். ஹாமுக்கு ஏன் இல்லை என்று கேட்டு அடுத்த கடிதம் எழுதுவீர்கள். எழுதுங்கள், சண்டைக்குத் தயார்.