நூற்றுக்கணக்கில் லைசின்கள், நிலையில்லாத ஒரு பேண்ட்

கேள்வி: ஈ. கோலை பாக்டீரியாவின் புரதங்களில் அசிட்டைல் என்ற சிறு வேதிக்குழு ஏறுவதைப் பற்றி பிஎச்டி செய்கிறேன். இரண்டாம் ஆண்டு முடியப் போகிறது. மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்கில், லைசின் என்ற அமினோ அமிலத்தில் அசிட்டைல் ஏறிய நூற்றுக்கணக்கான இடங்கள் கிடைத்தன. ஆனால் எதிர்ப்பொருளைக் கொண்டு புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஒரு நாள் பளிச்சென்று வரும் பேண்ட் அடுத்த முறை மங்கிவிடுகிறது. என் கைவேலைதான் மோசமா? தலைப்பையே மாற்றிவிடட்டுமா?

பதில்: மாற்றாதீர்கள். உங்கள் கையைச் சந்தேகிக்கும் முன் ஆய்வகக் குறிப்பேட்டைத் திறந்து, ஒவ்வொரு முறையும் கல்ச்சரை எந்த ஓடியில் (செல் அடர்த்தியைக் காட்டும் அளவு) அறுவடை செய்தீர்கள் என்று பாருங்கள். ஈ. கோலையில் பெரும்பாலான அசிட்டைல்களை நொதி எதுவும் ஏற்றுவதில்லை. செல்லில் சேரும் அசிட்டைல் பாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு தானாகவே லைசினோடு வினைபுரிந்துவிடுகிறது. குளுக்கோஸ் மிச்சமிருந்து வளர்ச்சி மட்டும் தளரும்போது இது கூடும். வேகமாக வளரும்போது எடுத்த கல்ச்சரும் இரவு முழுவதும் விட்டுவைத்த கல்ச்சரும் ஒரே பேண்டைத் தராது. உங்கள் பேண்ட் ஆடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் அது பிழையல்ல, நீங்கள் தேடும் உயிரியலே அதுதான்.

சோதித்துப் பார்ப்பது எளிது. அசிட்டைல் பாஸ்பேட்டைச் செலவழிக்கும் நொதிக்கான ஏசிகேஏ (ackA) மரபணுவை நீக்கிய திரிபில் அது குவியும். அதோடு, அசிட்டைல் பாஸ்பேட்டை உண்டாக்கும் நொதிக்கான பிடிஏ (pta) மரபணுவையும் நீக்கினால் அது உண்டாகவே வழியில்லை. இந்த இரண்டையும் உங்கள் மூலத் திரிபோடு ஒரே ஜெல்லில் ஓட்டுங்கள். செல்லை உடைக்கும் பஃபரில் நிக்கோட்டினமைட் சேர்க்க மறக்காதீர்கள். அது தடுக்காவிட்டால் கோப்-பி (CobB) என்ற நொதி நீங்கள் பார்க்கும் முன்பே அசிட்டைலைக் கழற்றிவிடும்.

அப்புறம் அந்தப் பட்டியல். அதன் நீளத்தில் மயங்க வேண்டாம். ஒரு லைசினில் அசிட்டைல் இருக்கிறது என்று மட்டுமே மாஸ் ஸ்பெக் சொல்கிறது. நூறு புரத மூலக்கூறுகளில் ஒன்றிலா, எண்பதிலா என்பதைத் தனியாக அளக்க வேண்டும். இதை அளக்காமல், லைசினை, அசிட்டைல் ஏறிய லைசினைப் போலவே மின்னூட்டமில்லாத குளுட்டமினாக மாற்றி, 'அசிட்டைல் ஏறினால் இப்படித்தான்' என்று எழுதுவது எனக்கு ஏற்புடையதல்ல. செல்லில் நூற்றில் ஒன்றாக இருப்பதை நீங்கள் நூற்றுக்கு நூறாக்கிப் பார்க்கிறீர்கள். லைசினை ஆர்ஜினினாக்கும் மாற்றத்தையும் கூடவே செய்யுங்கள். அதில் மின்னூட்டம் அப்படியே இருக்கும், அசிட்டைல் மட்டும் ஏறாது.

பாக்டீரியப் புரதங்களில் பாஸ்பேட் ஏறுமா என்று பலர் சந்தேகித்த காலத்தில், 1979-இல் ஐசோசிட்ரேட் டிஹைட்ரஜனேஸ் என்ற ஒரே நொதி விடை சொன்னது. அசிட்டேட்டில் வளரும் ஈ. கோலையில் அதன் ஒரு செரினில் பாஸ்பேட் ஏறுகிறது, நொதி அடங்குகிறது, கார்பன் கிளையாக்சிலேட் பாதை என்ற மாற்று வழிக்குத் திரும்புகிறது. ஓர் இடம், ஒரு காரணம், ஒரு விளைவு. உங்கள் ஆய்வேட்டுக்கும் அந்த அளவு போதும்.

நெறியாளரிடம் தலைப்பு மாற்றத்தைப் பற்றிப் பேசாதீர்கள். இரண்டு வளர்ச்சி நிலைகளின் பிளாட்டுகளை அருகருகே வைத்துக் காட்டுங்கள். பட்டியலிலிருந்து, செயல்பாட்டை நேரடியாக அளக்க முடிகிற ஒரு நொதியைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மூன்று மாதம் கேளுங்கள்.