11 மணி அழுகை

கேள்வி: எல்.கே.ஜி. ஆசிரியையாக இருக்கிறேன். க்ரேயானுக்காகத் தரையில் புரண்டு அழும் குழந்தை, இரண்டே நிமிடத்தில் கைதட்டிச் சிரிக்கிறது. ஒன்று அழ ஆரம்பித்தால் இன்னும் மூன்று சேர்ந்துகொள்கின்றன. 11 மணிக்கு மேல் இன்னும் மோசம். இது ஏதாவது குறைபாடா? பெற்றோரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: குறைபாடு இல்லை டீச்சர். இந்த வயதில் கோபமும் பயமும் முழு வேகத்தில் வந்துவிடும். அவற்றை அடக்கிப் பிடிக்கும் மூளையின் முன்பகுதி வளர்ந்து முடியவோ இருபது வயதைத் தாண்டிவிடும். அந்த அழுகையும் நிஜம், அடுத்து வந்த சிரிப்பும் நிஜம். "நடிக்கிறான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒன்றைப் பார்த்து மற்றவை அழுவதும் இயல்புதான்.

என் கண்ணில் பட்டது அந்த 11 மணி. ஏழரைக்கே வேன் வந்துவிடும். அரை இட்லியோடு ஏறியவர்களும், வெறும் பாலோடு வந்தவர்களும் உங்கள் வகுப்பில் நிச்சயம் இருப்பார்கள். பசி என்று சொல்லத் தெரியாது, சிணுங்கத் தெரியும். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து சிறுநீரை அடக்கிக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. ஸ்நாக்ஸ் நேரத்தை 10 மணிக்கு மாற்றி, அப்படியே எல்லாரையும் பாத்ரூம் அழைத்துப்போய்ப் பாருங்கள். தூக்கமும் ஒரு காரணம். பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். அப்பாவின் போனோடு நள்ளிரவு வரை விழித்திருந்தால் எங்கே கிடைக்கும்?

அழும்போது புத்திமதி ஏறாது. பக்கத்தில் உட்கார்ந்து, "க்ரேயானை அவன் எடுத்துட்டானேன்னு கோபமா?" என்று கேளுங்கள். மற்றதை அடங்கிய பிறகு பேசலாம். மற்ற குழந்தைகளை "ஷேம் ஷேம்" சொல்ல வைப்பது வேண்டவே வேண்டாம்.

சரி, பெற்றோரிடம் எப்போது சொல்வது? ஒரே குழந்தை தினமும் பலமுறை, அரை மணி நேரம் ஆகியும் அடங்காமல் அழுதால். தலையை மோதியோ கையைக் கடித்தோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டால். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சைக் குறைத்தால். வெளிறிப்போய் எப்போதும் எரிச்சலாகவே இருந்தால் இரத்தசோகையா என்று பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் 67 சதவீதக் குழந்தைகளுக்கு அது இருக்கிறது. கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காதைச் சோதிக்க வேண்டும். வாயால் மூச்சுவிடும் குழந்தை இரவில் குறட்டை விடுகிறதா என்று வீட்டில் கேளுங்கள், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதை வீங்கியிருக்கலாம்.

சொல்லும்போது "உங்க பையன் ரொம்ப அடம்" என்று ஆரம்பிக்காதீர்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அதற்குமுன் என்ன நடந்தது என்று ஒரு வாரம் குறித்து அந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள். குழந்தை மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.