காரை விட்டு பைக்குக்கு மாறினால் சுற்றுச்சூழலுக்கு நல்லதா?

கேள்வி கேட்டவர் காரை விற்றுவிட்டு பைக் வாங்கலாமா என்று யோசிக்கிறார். பைக் சின்ன வண்டி, பெட்ரோல் குறைவாகத்தான் குடிக்கும், அதனால் மாசும் குறைவு என்கிறார் ஒரு நண்பர். காரைவிடப் பல மடங்கு விஷப்புகையைக் கக்குவது பைக்தான் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது என்று கேட்கிறார்.

இரண்டு பேரையும் நம்பலாம். முதல் நண்பர் கரியமில வாயுவை, அதாவது பூமியைச் சூடாக்கும் வாயுவை மனதில் வைத்துச் சொல்கிறார். இரண்டாமவர் நம் நுரையீரலுக்குள் போகும் நச்சு வாயுக்களை மனதில் வைத்துச் சொல்கிறார். இரண்டும் ஒரே சைலன்சரிலிருந்துதான் வருகின்றன. ஆனால் ஒன்று கூடுவதற்கும் மற்றது கூடுவதற்கும் காரணங்கள் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் எங்கே நடந்தாலும் முடிவுக்கு வருவதில்லை.

இரு சக்கர வண்டிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். ஓடும் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்க அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறேன். அதனால் இது எனக்கு வெறும் புள்ளிவிவரப் பேச்சு கிடையாது.

முதலில் கரியமில வாயு. இதற்கு மைலேஜ் தெரிந்தால் போதும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அது முழுதாக எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வரும். உள்ளே போனதைவிட வெளியே வருவது எப்படி அதிகமாக இருக்கும் என்று பலர் கேட்பார்கள். பெட்ரோலில் இருக்கும் கார்பன், காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்கிறது. கூடுதல் எடை அந்த ஆக்சிஜனுடையது. லிட்டருக்கு 55 கிலோமீட்டர் தரும் 100 அல்லது 125 சிசி பைக் கிலோமீட்டருக்குச் சுமார் 42 கிராம் விடுகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் 153 கிராம் விடுகிறது. எந்தத் தொழில்நுட்பமும் இந்த விகிதத்தை மாற்றாது. முழுதாக எரிந்த பெட்ரோலிலிருக்கும் கார்பன் அத்தனையும் கரியமில வாயுவாகத்தான் வந்தாக வேண்டும்.

ஆனால் வண்டியில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் காரில் 4 பேர் போனால் தலைக்கு 38 கிராம்தான். ஒருவர் மட்டும் போகும் சின்ன பைக்கைவிடக்கூட அது கொஞ்சம் குறைவு. பைக்கில் இரண்டு பேர் போனால் தலைக்கு 20 கிராமுக்குச் சற்று மேலே. ஆக, குடும்பமாகப் போகும் பயணத்துக்கு காரை வில்லனாக்குவது நியாயமில்லை. வேலைக்குப் போகும் நேரத்தில் சாலையில் நிற்கும் கார்களை எட்டிப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் ஓட்டுபவர் மட்டும்தான் இருப்பார். 70 கிலோ மனிதரை நகர்த்த 1,200 கிலோ இரும்பையும் கண்ணாடியையும் சேர்த்து நகர்த்துகிறோம். பைக் உண்மையாகவே ஜெயிப்பது இந்த மாதிரிப் பயணத்தில்தான்.

"பைக்" என்றாலே சிக்கனம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1,000 சிசி பைக்குகள் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்தாலே அதிகம். அப்படியென்றால் கிலோமீட்டருக்கு 128 கிராம் ஆகிறது. சின்ன கார்கள் பலவும் அதற்குள்ளேயே வந்துவிடும். இதற்குக் காரணம் இன்ஜின் அளவு மட்டுமல்ல, காற்றும்தான். காரின் உடல் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி வழவழப்பாக வடிவமைக்கப்பட்டது. பைக்கிலோ சக்கரம், ஹேண்டில்பார், கால், தோள், ஹெல்மெட் என்று எல்லாமே காற்றில் துருத்திக்கொண்டு நிற்கும். பெரிய பைக் எடையில் காரின் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும், ஆனால் காற்றுத் தடையில் காரின் பாதிக்கு மேல் வந்துவிடும். நகரத்துக்குள் நின்று நின்று போகும்போது எடைதான் பெட்ரோலைத் தின்னும், அங்கே பைக்குக்குப் பெரிய லாபம். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுதான் பெட்ரோலைத் தின்னும், அங்கே அந்த லாபம் கரைந்துவிடும்.

சரி, இரண்டாவது நண்பர் சொன்ன விஷப்புகைக்கு வருவோம். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

பெட்ரோல் இன்ஜினிலிருந்து வரும் நச்சுகளில் முக்கியமானவை மூன்று. அரைகுறையாக எரிவதால் வரும் கார்பன் மோனாக்சைடு, எரியாமலே தப்பிவரும் ஹைட்ரோகார்பன்கள், அதிக வெப்பத்தில் காற்றிலிருக்கும் நைட்ரஜனே எரிந்து உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள். கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இரண்டும் வெயிலில் சேர்ந்து தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்கும். ஆஸ்துமா உள்ளவர்களைப் படுத்தி எடுப்பது அது. எரியாத ஹைட்ரோகார்பன்களில் புற்றுநோயை வரவழைக்கும் பென்சீனும் உண்டு.

இவற்றின் அளவு எவ்வளவு பெட்ரோல் எரிகிறது என்பதைவிட, அது எப்படி எரிகிறது, எரிந்த புகை எப்படிச் சுத்தமாகிறது என்பதைப் பொறுத்தது. கார்கள் இதில் வெகு காலம் முன்பே முன்னேறிவிட்டன. அமெரிக்காவில் 1975 மாடல் கார்களிலிருந்தே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வரத் தொடங்கியது. முதலில் வந்தவை கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பன்களையும் மட்டும்தான் மாற்றின. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற பீங்கான் வழியாகப் புகையைச் செலுத்தி, மூன்று நச்சுகளையும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும் ஏற்பாடு பின்னால் வந்தது. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டுமானால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதம் பிசகக் கூடாது. சைலன்சர் குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சார் நொடிக்கு நொடி அளந்து சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பழைய கருவியான கார்புரேட்டரால் இந்த அளவு துல்லியம் காட்ட முடியாது.

பைக்குகள் பல வருடங்கள் இதெல்லாம் இல்லாமலே ஓடின. சின்ன வண்டி, குறைந்த விலை, கன்வெர்ட்டரை வைக்க இடமும் இல்லை. தவிர, காற்றால் குளிரும் இன்ஜின் அதிகம் சூடாகாமல் இருக்க வேண்டுமென்று பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றும்படி கார்புரேட்டரை அமைப்பார்கள். அந்தக் கூடுதல் பெட்ரோல் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடாக வெளியே வரும். சட்டமும் பைக்குகளை விட்டுப்பிடித்தது. ஐரோப்பாவில் 1992-இல் வந்த யூரோ 1 விதி, பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 2.72 கிராம் கார்பன் மோனாக்சைடுதான் விடலாம் என்றது. பைக்குகளுக்கான யூரோ 1 வந்ததே 1999-இல். அதில் 4 ஸ்ட்ரோக் வண்டிக்கு அனுமதித்த அளவு 13 கிராம்! காரின் மூன்றில் ஒரு பங்கு பெட்ரோலை எரிக்கும் வண்டிக்கு, காரைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு விஷத்துக்கு அனுமதி.

2 ஸ்ட்ரோக் வண்டிகள் இன்னும் மோசம். அதில் புதிய பெட்ரோல் கலவை உள்ளே வரும்போது பழைய புகை போகும் வழியும் திறந்தே இருக்கும். அதனால் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை பெட்ரோல் எரியாமலே நேராகச் சைலன்சருக்குப் போய்விடும். கூடவே ஆயிலும் எரியும். பின்னால் வருபவர் முகத்தில் அடிக்கும் அந்த நீலப்புகை அதுதான். அப்படிப்பட்ட வண்டியோடு ஒப்பிட்டால் இரண்டாவது நண்பர் சொல்வது அப்பட்டமான உண்மை.

அப்புறம் நிலைமை மாறியது. 2020-இல் வந்த யூரோ 5 விதிப்படி பைக்குக்குக் கிலோமீட்டருக்கு அனுமதித்த அளவு: கார்பன் மோனாக்சைடு 1 கிராம், ஹைட்ரோகார்பன் 0.1 கிராம், நைட்ரஜன் ஆக்சைடு 0.06 கிராம். யூரோ 6 பெட்ரோல் காருக்கும் இதே எண்கள்தான். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் அமலான பாரத் ஸ்டேஜ் 6 விதியும் பைக்குகளுக்கு இதே அளவைத்தான் வைத்தது. கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்தது. கன்வெர்ட்டர் இல்லாமல் புதிய பைக் விற்கவே முடியாது என்றானது. எனவே இரண்டாவது நண்பரின் வாதம் பழைய வண்டிகளுக்கு முழுசாகப் பொருந்தும், புதியவற்றுக்குப் பொருந்தாது. (டீசல் காரோடு ஒப்பிட்டால் கதையே வேறு. நைட்ரஜன் ஆக்சைடும் புகைக்கரியும் அதில்தான் பெரிய தொல்லை.)

இவ்வளவு பாடுபட்டுச் சுத்தமாக்கிய வண்டியை வாங்கிய சில மாதங்களில் சிலர் கெடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. சத்தம் வேண்டும் என்பதற்காக கம்பெனி சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு சைலன்சர் மாட்டுகிறார்கள். பல வண்டிகளில் கன்வெர்ட்டர் இருப்பது அந்தக் குழாய்க்குள்தான். அதைக் கழற்றிய நிமிடமே வண்டி இருபது வருடம் பின்னால் போய்விடுகிறது. சத்தமும் சாதாரண விஷயமில்லை. 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கும். சாலைச் சத்தம் சராசரியாக 53 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. காரணம் தூக்கக் கெடுதலும் இதய நோயும். சைலன்சரை மாற்றித் தரச் சொல்லி வருபவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

இன்னொரு விஷயம், இடம். ஒரு கார் நிற்கும் இடத்தில் நாலைந்து பைக் நிற்கும். பெல்ஜியத்தில் லூவன் நகரிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போகும் சாலையை வைத்து 2011-இல் ஓர் ஆய்வு செய்தார்கள். கார் ஓட்டுபவர்களில் 10 சதவீதம் பேர் பைக்குக்கு மாறினாலே, நெரிசலில் எல்லோரும் இழக்கும் நேரம் 40 சதவீதம் குறையும் என்றும், மொத்தப் புகை சுமார் 6 சதவீதம் குறையும் என்றும் கண்டார்கள். அந்த 6-இல் 5 சதவீதம், நெரிசல் தீர்ந்ததால் மிச்சமான புகை. காரிலேயே போகிறவர்களுக்கும் லாபம் என்பது இதில் எனக்குப் பிடித்த இடம். ஆனால் காரிலிருந்து மாறினால்தான் இந்தக் கணக்கு நிற்கும். பேருந்திலும் சைக்கிளிலும் போய்க்கொண்டிருந்தவர் பைக் வாங்கினால் மாசு கூடத்தான் செய்யும்.

தயாரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பைக்கில் இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக் எல்லாமே காரைவிடக் குறைவு, அதனால் தொழிற்சாலைப் புகையும் குறைவு. மின்சார வண்டிகளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. மின்சார ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் 30 கிலோமீட்டருக்கு மேல் போகும், மின்சார கார் 6 அல்லது 7 கிலோமீட்டர்தான். மின்சாரம் முழுக்க நிலக்கரியிலிருந்தே வருகிறது, யூனிட்டுக்கு ஒரு கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொண்டாலும் ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்கு 30 கிராமைச் சுற்றித்தான் வரும். பெட்ரோல் பைக்கைவிட அது குறைவு. காருக்கோ 150 கிராம் ஆகிவிடும், பெட்ரோல் காருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பேட்டரியும் அப்படித்தான். ஸ்கூட்டருக்கு 3 யூனிட் பேட்டரி போதும், காருக்கு 50 யூனிட் வேண்டும். லித்தியத்தையும் நிக்கலையும் தோண்டி எடுக்கும் நிலத்தை நினைத்தால் இது பெரிய வித்தியாசம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தினமும் தனியாகத்தான் போகிறீர்கள், பயணம் பெரும்பாலும் நகரத்துக்குள்தான் என்றால் தாராளமாக மாறுங்கள். முடிந்தால் மின்சார வண்டி, இல்லையென்றால் 125 சிசிக்குள் 2020-க்குப் பிறகு வந்த இன்ஜெக்ஷன் வண்டி. ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் காலத்துக்கு மாற்றுங்கள், சைலன்சரில் கை வைக்காதீர்கள். இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் இடங்களுக்கு வண்டியை எடுக்காமல் நடந்தோ சைக்கிளிலோ போய்விடுங்கள். கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி சூடானால்தான் வேலை செய்யத் தொடங்கும், குளிர்ந்த இன்ஜினோடு கிளம்பும் குட்டிப் பயணத்தில்தான் கிலோமீட்டருக்கு அதிக நச்சு வெளியே வரும். பெரும்பாலும் மூன்று நான்கு பேராகத்தான் போவீர்கள் என்றால் காரை வைத்துக்கொள்ளுங்கள். விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 2 ஸ்ட்ரோக் வண்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதற்கு உங்கள் கார் எவ்வளவோ மேல்.